துளை இருந்தால் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., வேதியியல்)

"பெரிய கருவிகள் இல்லாமல் நாம் என்ன ஆராய்ச்சி செய்வது?" நம் ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி எழும் பேச்சு இது. நான் இதை ஏற்கவில்லை. அதற்கு ஒரு சான்று தருகிறேன்.

மணலில் இருப்பதும் சிலிக்காதான். சோப்பு இனத்துப் பொருள்களின் மூலக்கூறுகள் நீரில் கோல்களாகத் திரளும். 1992-ல் அமெரிக்காவின் மொபில் நிறுவன விஞ்ஞானிகள் அக்கோல்களைச் சுற்றிச் சிலிக்காவை இறுகச் செய்து, பின்னர்க் கோல்களை எரித்து நீக்கினர். தேன்கூடுபோல் நுண்குழாய்கள் எஞ்சின. அவற்றின் விட்டம் 2 முதல் 10 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு கிராமின் உட்பரப்போ ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர்!

எண்ணைக் கேட்டு வியக்கிறோம். ஆனால் இதையே ஒரு பரப்பின்மேல் மெல்லிய படலமாகப் பூசினால், கோல்கள் பரப்போடு படுத்துவிடுகின்றன. குழாய்களும் படுத்தே அமைகின்றன. சாய்ந்து கிடக்கும் குடத்தில் மழைநீர் சேருமா? படலத்தின் அடியிலுள்ள மின்வாயை அயனிகள் எளிதில் அடைய முடிவதில்லை. குழாய்களை நிமிர்த்த வலிய காந்தப் புலத்தைக்கூடப் பயன்படுத்திப் பார்த்தனர்.

2007-ல் பிரான்சின் நான்சி நகரில் வால்காரியஸ் குழுவினர் எளிய வழி கண்டனர். அமிலம் கலந்த சிலிக்காக் கரைசலில் மின்வாயை அமிழ்த்தி, ஒன்றிரண்டு வோல்ட் எதிர்மின்னழுத்தம் தந்தனர். நேர்மின் தலையுடைய சோப்பு மூலக்கூறுகள் அங்கே கூடின. ஹைட்ராக்சில் அயனிகள் தோன்றி அமிலத்தன்மை குறைந்தது. நிமிர்ந்து நின்ற கோல்களைச் சுற்றிச் சில விநாடிகளில் சிலிக்கா இறுகியது!

மின்சாரம் கடத்தும் பரப்பில்தான் இம்முறை செல்லும். குழாய்களை நேரில் காண எலெக்ட்ரான் நுண்ணோக்கியும் வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் சோப்பை நீக்கியபின் குழாய்வாய் திறந்துள்ளதா என்பதை, கரைசலிலுள்ள அயனிகள் மின்வாயை அடைந்து மின்னோட்டம் தருகின்றனவா என்று பார்த்தே அறியலாம். மின்பகுப்பில் எதிர்மின்வாயருகே ஹைட்ராக்சில் அயனிகள் மிகுவது நம் பாடநூலிலேயே உள்ளது. நாம் அதை மதிப்பெண்ணுக்காகப் படித்தோம். அவர்கள் அதைக் கருவியாக்கினார்கள்.

நம் செய்முறைப் பதிவேடுகளில் 'என்ன', 'எவ்வளவு' என்று மட்டுமே எழுதுகிறோம். 'ஏன்', 'எந்தத் திசையில்' என்று எழுதுவதில்லை. நண்பர்களே, இனி அதையும் கேட்போம். அப்படிக் கேட்பவனுக்கும் இரண்டு மதிப்பெண் ஒதுக்குமாறு பேராசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.