கியோட்டோவைக் காத்தது கலை அல்ல

1945-இல் ஜப்பானிய நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. மார்ச் 10 அதிகாலைத் தாக்குதலில் மட்டும் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். பக்கத்து ஒசாகாவும் கோபேயும் கருகின. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்த கியோட்டோ மட்டும் பெரும்பாலும் அப்படியே நின்றது. அதன் கோயில்களையும் தோட்டங்களையும் மதித்து அமெரிக்கா விட்டுவைத்தது என்று இன்றும் நம்பப்படுகிறது. கேட்க இதமான கதைதான். ஆனால் ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன.

“கியோட்டோவில் குண்டே விழவில்லை” என்பார்கள். விழுந்தது. 1945 ஜனவரி 16 அன்று உமாமாச்சி பகுதியிலும், ஜூன் 26 அன்று பட்டு நெசவாளர்களின் நிஷிஜினிலும் விழுந்த குண்டுகள் பல பத்து உயிர்களைப் பறித்தன. இன்னொரு சேதத்தை ஜப்பானிய அரசே செய்தது. தீ பரவாமல் தடுக்க, நகரின் நடுவே ஆயிரக்கணக்கான மரவீடுகளை இடித்து வெற்றுப் பட்டைகளை உண்டாக்கினார்கள். இன்று பயணிகள் வியக்கும் அகன்ற ஒய்க்கே, கோஜோ, ஹொரிகாவா சாலைகளின் அகலத்துக்குப் பின்னால் அந்த இடிப்பு இருக்கிறது.

“ஹார்வர்டின் கலை அறிஞர் லாங்டன் வார்னர் தந்த பட்டியல்தான் காத்தது” என்பது அடுத்தது. போர் முடிந்த சில மாதங்களிலேயே ஜப்பானியப் பத்திரிகையில் வந்த செய்தி இது. கமகுரா ரயில் நிலையத்தருகே அவருக்கு நினைவுக்கல்கூட உண்டு. கலைச்சின்னங்களின் பட்டியல் இருந்தது உண்மை. ஆனால் விமானப்படை எந்த நகரை எரிப்பது என்பதை அது முடிவுசெய்யவில்லை. முடிவுசெய்திருந்தால் மே 14-இல் நாகோயா கோட்டையும், ஜூன் 29-இல் ஒகயாமா கோட்டையும், ஜூலை 9-இல் வகயாமா கோட்டையும் எரிந்திருக்குமா? வார்னரே இந்தப் புகழ் தனக்குரியதல்ல என்று மறுத்தார்.

“அப்படியானால் ராணுவமே அதன் பண்பாட்டை மதித்து ஒதுக்கியது” என்று வாதிடுவோர் உண்டு. ஒதுக்கியது உண்மை, காரணம் நேரெதிர். 1945 மே மாதம் லாஸ் அலமோஸில் கூடிய இலக்குக் குழு, அணுகுண்டுக்கான முதல்தர இலக்குகளில் ஒன்றாகக் கியோட்டோவைக் குறித்தது. பத்து லட்சம் மக்கள் வாழும் நகரம். குண்டின் அழிவை அளந்து பார்க்கப் போதிய பரப்பு. அது அறிவாளிகளின் ஊர், ஆகவே இந்த ஆயுதத்தின் பொருளை அங்குள்ளவர்கள் நன்றாகப் புரிந்துகொள்வார்கள் என்றும் குழு கருதியது. அதாவது, கேடயம் என்று நாம் நினைக்கும் பண்பாட்டுப் பெருமைதான் அந்த நகரை இலக்காக்கியது! சாதாரணக் குண்டுகள் வீச வேண்டாம் என்ற தடை, பலிக்கு நேர்ந்துவிட்ட ஆட்டை வேறு யாரும் தொடக்கூடாது என்பதைப் போன்றதுதான். ஹிரோஷிமாவுக்கும் கொகுராவுக்கும் நீகாட்டாவுக்கும் அதே தடை இருந்தது. ஹிரோஷிமாவுக்கு அதனால் என்ன கிடைத்தது என்பதை உலகம் அறியும்.

கடைசியாக, “போர் அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சன் தேனிலவு கழித்த ஊர் என்பதால் தப்பியது” என்பது. 2023-இல் வந்த ‘ஓப்பன்ஹைமர்’ படத்துக்குப் பிறகு நம்மூரிலும் இது பரவிவிட்டது. ஸ்டிம்சனின் திருமணம் 1893-இல் நடந்தது. அவர் மனைவியோடு கியோட்டோவுக்குப் போனதோ 1926-இல். அந்த நகரை அவர் மதித்தார் என்பதை மறுக்க வேண்டியதில்லை. அணுகுண்டுத் திட்டத்தின் தலைவர் ஜெனரல் குரோவ்ஸ் அதை இலக்காக்கத் திரும்பத் திரும்பக் கேட்டும் ஸ்டிம்சன் இணங்கவில்லை. ஆனால் ஜூலை 24 அன்று போட்ஸ்டாமில் அதிபர் ட்ரூமனிடம் அவர் வைத்த வாதம் அரசியல் வாதம்: கியோட்டோவை அழித்தால் ஜப்பானியரின் கசப்பு தீராது, போருக்குப் பின் அவர்கள் நம் பக்கம் வராமல் ரஷ்யர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். ட்ரூமன் அதை முழுமனதாக ஏற்றார். மறுநாள் வெளியான ஆணையில் கியோட்டோ இல்லை, நாகசாகி இருந்தது.

நாகசாகியும் பழம்பெருமை உள்ள ஊர்தான். நாடு கதவடைத்திருந்த காலத்தில் ஐரோப்பிய வணிகம் நுழைந்த துறைமுகம். ஜப்பானியக் கிறிஸ்தவர்களின் தாய்மடி. குண்டு வெடித்த இடத்துக்கு அருகிலேயே உரகாமி பேராலயம் தகர்ந்தது. ‘கலையை மதித்தார்கள்’ என்ற கதைக்குள் இந்த நகரை எங்கே வைப்பது?

வென்றவருக்குக் கருணை முகமும், தோற்றவருக்கு ஆறுதலும் தந்ததால் அந்தக் கதை நிலைத்தது. அதை நம்புவதில் ஆபத்து இருக்கிறது. கோபுரமும் ஓவியமும் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் என்று எண்ணிவிடுவோம். கியோட்டோவின் தலைவிதி ஒரு அமைச்சரின் பிடிவாதத்தில் தொங்கியது. அவர் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் குழுவின் பட்டியல் அப்படியே நிறைவேறியிருக்கும். பண்பாட்டுச் சின்னங்களைக் காக்க 1954-இல் உருவான ஹேக் உடன்படிக்கைகூட, ‘ராணுவத் தேவை’ என்ற விலக்கைத் திறந்தே வைத்திருக்கிறது. பழம்பெரும் நகரங்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் விவாதிக்க வேண்டியது அந்த விலக்கைத்தான், பகைவரின் ரசனையை அல்ல.