ஒரு வாரத்தில் அடங்கும் நோயும் ஓராண்டு காக்கும் கோப்பும்

கடுங்காய்ச்சலுடன் உடலெங்கும் சீழ்க்கொப்புளங்கள் வெடித்துப் பரவும் நோய் ஒன்று உண்டு. காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸின் அரிதான, கொடிய வடிவம் அது. கொப்புளத்தில் கிருமி இல்லை. பிறருக்குத் தொற்றுவதும் இல்லை. ஆனால், உரிய நேரத்தில் அடக்காவிட்டால் உள்ளுறுப்புகள் செயலிழந்து உயிரே போகலாம்.

இந்நோய் 1910-இலேயே விவரிக்கப்பட்டுவிட்டது. எனினும் அதன் வேர் புலப்பட ஒரு நூற்றாண்டு ஆனது. இன்டர்லூக்கின்-36 என்னும் அழற்சிப் புரதத்துக்குக் கடிவாளமிடும் மரபணு, நோயாளிகள் சிலரிடம் பழுதுபட்டிருப்பதை 2011-இல் துனிசியக் குடும்பங்களிடையே நடந்த ஆய்வு காட்டியது. அந்தப் புரதத்தின் ஏற்பியை அடைக்கும் உயிரியல் மருந்துதான் ஸ்பெசோலிமாப். 53 பேரிடம் நடந்த சோதனையில், ஒரே தவணை பெற்றவர்களில் 54 விழுக்காட்டினருக்கு ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் கொப்புளம் எதுவும் இல்லை. மருந்தற்ற திரவம் பெற்றவர்களில் அது 6 விழுக்காடு மட்டுமே. 2022 செப்டம்பரில் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் அளித்தது. பழைய மருந்துகளான சைக்ளோஸ்போரின், அசிட்ரெடின் ஆகியவற்றோடு இது நேருக்கு நேர் ஒப்பிடப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும், அசிட்ரெடின் கருவைச் சிதைக்கக்கூடியது; இந்நோயோ கருவுற்ற பெண்களையும் தாக்குகிறது.

விலைதான் மலை. அமெரிக்காவில் ஒரு தவணையே 50,000 டாலரைத் தாண்டுகிறது. நம் நாட்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை (2021), நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. ஆனால், அது பட்டியலிட்டுள்ள அறுபதுக்கும் மேற்பட்ட நோய்களில் இதற்கு இடமில்லை. அக்கொள்கை பெரிதும் பிறவிக் குறைபாடுகளையும் வாழ்நாள் முழுவதும் செலுத்தவேண்டிய மருந்துகளையும் மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. தமிழகத்துக்கான சிறப்பு மையமே எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைதான். இந்நோயாளிகளோ பெரும்பாலும் பெரியவர்கள்.

ஜப்பான் இதைத் தீராநோய்ப் பட்டியலில் சேர்த்து, நோயாளியின் வருமானத்துக்கேற்பச் செலவுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. நாமும் பட்டியலில் சேர்க்கலாம். ஆனால் அது மட்டும் போதாது. இந்நோய்க்கு வேண்டியது திடீரெனச் சீறும் வேளையில் ஒரு தவணை, தேவைப்பட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொன்று. குழு கூடி, கோப்பு நகர்ந்து, பணம் வருவதற்குள் சீற்றம் தானே அடங்கியிருக்கும், அல்லது நோயாளி இருக்கமாட்டார். பாம்புக்கடிக்கு மருந்து தர விண்ணப்பமா கேட்கிறோம்?

இன்னொன்று, இதற்குச் செலவே இல்லை. ஸ்டீராய்டு மாத்திரைகளையும் ஊசிகளையும் திடீரென நிறுத்துவது இந்நோயைத் தூண்டும் முக்கியக் காரணங்களில் ஒன்று. அரிப்பு என்று போனாலே ஸ்டீராய்டு ஊசி போடும் போலி மருத்துவர்களை நாம் இன்னும் சகித்துக்கொண்டிருக்கிறோம்.

அரசு மொத்தக் கொள்முதலுக்கு விலை பேசி, மண்டலத்துக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரியிலேனும் சில குப்பிகளை இருப்பு வைக்கட்டும். தோல்நோய்த் துறைத் தலைவரின் கையொப்பத்தில் முதல் தவணை செலுத்தப்படட்டும். ஆவணங்களைப் பிறகு சரிபார்க்கலாம்.