பூட்டிய வீடுகளின் புவியியல்

சுவிசில் எம்மவர் கூடும் எந்த மண்டபத்திலும் "மண்" என்ற சொல்லுக்குப் பஞ்சமில்லை. சாமத்தியவீட்டு வீடியோவில் பின்னணியாகப் பனைமரம். தமிழ்க்கடைக்காரர் தரும் கலண்டரில் வரைபடம். மேடை ஏறுபவர் மண்ணை மறவோம் என்கிறார், நாங்கள் கை தட்டுகிறோம். அந்த மண் எத்தனை அடி ஆழம், அதன் கீழே என்ன கல், அந்தக் கல்லுக்குள் எவ்வளவு தண்ணீர் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் விசர்க்கதை என்பார்கள்.

அந்த விசர்க்கதையைத்தான் இங்கே பேசப்போகிறேன். மண்ணை மறவாத நாங்கள்தான் அந்த மண்ணின் மேல் பிராங்கைக் கொட்டி, மாடி வீடு கட்டி, மதில் எழுப்பி, கேற்றைப் பூட்டிவிட்டு விமானம் ஏறுகிறோம். இது ஊர்ப்பற்று அல்ல. ஊரை மெல்ல மெல்ல வாழமுடியாத இடமாக்கும் வேலை.

இதைச் சொல்ல நீ யார் என்பீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் புவியியல் படித்தவன். 2006 ஓகஸ்ட்டில் முகமாலைப் பாதை மூடப்பட்டபின் குடாநாட்டிலிருந்து தரைவழியே வெளியேற வழியில்லை. அந்த நாட்களில்தான் குடாநாட்டின் புவியியலைப் படித்தோம். 2008இல் படிப்பும் நின்றது, ஊரும் போனது. இப்போது பேர்ணில் ஒரு றெஸ்ரோறன்றின் சமையலறையில் நிற்கிறேன். கோப்பை கழுவுகிறவனுக்கு ஏன் புவியியல் என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். ஐயா, கோப்பை கழுவுகிறவனுக்குத்தான் தண்ணீரின் கணக்குத் தெரியும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு மழைக்கு மட்டும் ஆறு. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்வதில்தான் ஆண்டு முழுதும் வாழவேண்டும். அந்த மழை செம்மண்ணுக்குள் இறங்கி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தேங்கி, கீழேயிருக்கும் உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. எங்கள் கிணறுகள் எல்லாம் இந்தப் படையில் வாய் வைத்திருப்பவை. துலா போட்டு இறைத்த காலத்தில் மனிதனின் கை வலித்தது, அதனால் தண்ணீர் தப்பியது. மோட்டருக்குக் கை வலிப்பதில்லை. அளவு மீறி உறிஞ்சினால் நன்னீர் வற்றுவதோடு நிற்காது, கீழேயிருந்து சவர் மேலே ஏறும். ஏறிய சவரைத் திரும்ப இறக்க எந்த என்ஜினியராலும் இலகுவில் முடியாது.

மேலே இருந்து இறங்குவதும் அதே வெடிப்பு வழியாகத்தான் இறங்குகிறது. தோட்டத்து உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருப்பதைப் பல்கலைக்கழக ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகின்றன. சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்தது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த மக்களுக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு கொடுக்கும்படி கம்பனிக்கு உத்தரவிட்டது. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குத் தரக் கிளிநொச்சி விவசாயிகள் ஒப்பவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. கடைசியில் 2024 ஓகஸ்ட்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். தலைமுறை தலைமுறையாகக் கிணற்றில் அள்ளிக் குடித்த குடாநாடு இப்போது கடலை வடிகட்டிக் குடிக்கிறது. இதுவல்லவா எங்கள் கலண்டரில் போடவேண்டிய படம்?

இந்த மண்ணின் மேல்தான் எமது மாளிகைகள். அம்மா இருக்கும் ஒழுங்கையில் பதினொரு வீடு. ஆறில் விளக்கு எரிவதில்லை. அந்த ஆறும்தான் ஒழுங்கையிலேயே பெரியவை. முன்பு வெங்காயமும் மிளகாயும் நின்ற தோட்டக்காணியில் ஒன்று. முற்றம் முழுக்கச் சீமெந்துக் கல் பதித்திருக்கிறார்கள். மழை மண்ணுக்குள் இறங்காமல் ஒழுங்கைக்கு ஓடுகிறது. ஒவ்வொன்றிலும் குழாய்க்கிணறு, குளிப்பறை மூன்று. நல்லூர்த் திருவிழாவுக்கு ஆட்கள் வந்து நிற்கும் நான்கு கிழமையும் கடும் கோடை. அப்போதுதான் எல்லா மோட்டரும் ஒன்றாக ஓடும். "தம்பி, ஆவணியில கிணத்துத் தண்ணி சவர்க்குது, தேத்தண்ணியும் வாயில வைக்கேலாது" என்று அம்மா ரெலிபோனில் சொல்கிறார். அவர் புவியியல் படித்தவர் அல்ல. ஆனால் நிலத்தடி நீரியல் பற்றி எம்மவர் மேடைகளில் நான் கேட்டதைவிட அதிகம் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது.

நாங்கள் வந்து ஒதுங்கிய நாட்டைப் பாருங்கள். சுவிசின் மலைக் கிராமங்களிலும் ஆண்டு முழுதும் யன்னல் சாத்திய விடுமுறை வீடுகள் பெருகின. பணக்காரர் வாங்கினர், காணி விலை ஏறியது, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடில்லை. "குளிர்ந்த கட்டில்கள்" என்று இதற்குப் பெயரே வைத்தார்கள். 2012 மார்ச் 11இல் வாக்கெடுப்பு நடந்தது. எந்த ஊரிலும் இரண்டாம் வீடுகள் 20 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதை 50.6 வீதம் பேர் ஆதரித்தார்கள். மயிரிழையில் வென்றாலும் அது சட்டமானது. வெளிநாட்டில் வாழும் வெளிநாட்டவர் இங்கே விடுமுறை வீடு வாங்கக் கன்ரோனிடம் அனுமதி கேட்கவேண்டும் என்ற சட்டம் எழுதப்பட்டது 1983 டிசம்பரில். அதே ஆண்டு ஆடியில்தான் எங்கள் வீடுகள் கொழும்பில் எரிந்தன. அதே 1983இல்தான் ஆரே ஆறு மூன்று பக்கமும் சுற்றி ஓடும் பேர்ணின் பழைய நகரத்தை யுனெஸ்கோ உலக மரபுரிமை ஆக்கியது. குடிநீர் எடுக்கும் ஊற்றைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் போட்டு, அதற்குள் கட்டடத்தையும் உரத்தையும் கட்டுப்படுத்துகிறார்கள். இந்த ஒழுங்குகளுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு நல்ல பிள்ளைகளாக வாழும் நாங்கள், ஊருக்குப் போனவுடன் யாரையும் கேட்காமல் 200 அடிக்குக் குழாய் இறக்குகிறோம்!

"என்ர வேர்வை, என்ர காசு, நான் கட்டுறன்" என்பது முதல் வாதம். உங்கள் வேர்வையை நான் அறிவேன், அது என் பக்கத்து அடுப்பில்தான் சிந்துகிறது. ஆனால் நிலத்தடி நீருக்கு மதில் இல்லை. உங்கள் மோட்டர் இழுப்பது பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்தும்தான். "மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை கிடைக்குது" என்பது இரண்டாவது. ஒரு வருட வேலை. தோட்டக்காணி ஒவ்வொரு போகமும் வேலை தரும். "எரிக்கப்பட்டவன், துரத்தப்பட்டவன், நான் இருந்தேன் என்பதற்கு ஒரு அடையாளம் வேண்டாமா" என்பது மூன்றாவது. இதில் வலி இருக்கிறது, இதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் பூட்டிய வீடு நாங்கள் இருந்தோம் என்று சொல்லவில்லை. நாங்கள் இல்லை என்றே ஒவ்வொரு இரவும் சொல்கிறது.

இராணுவம் காணி பிடித்து வைத்திருக்கிறது என்று பேர்ணில் பாராளுமன்றத்தின் முன் கொட்டும் பனியில் நின்றோம். அது நியாயம், இனியும் நிற்போம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்களில் பலர் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கண்டார்கள். காணி விடுபட்ட பின்னும் போக இடமின்றி எஞ்சியவர்களில் கணிசமானோர் முன்பும் காணியில்லாதவர்கள். அவர்கள் எந்தச் சாதியினர் என்று வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. முகாம் கொட்டிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆறு அறை வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டை இராணுவம் போடவில்லை.

2025 மார்ச் 28இல் அரசு வர்த்தமானி ஒன்றை வெளியிட்டது. வடக்கில் கிட்டத்தட்ட 5,940 ஏக்கர்; மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. எதிர்ப்பு எழுந்தது, ஜூனில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த மூன்று மாதத்தில் எத்தனை பேர் உறுதியைத் தேடி அலைந்தார்கள்! வன்னியில் எல்லாவற்றையும் இழந்தவரிடம் உறுதி இல்லாதது அவர் குற்றமல்ல. ஆனால் சூரிச்சிலும் பேர்ணிலும் இருந்துகொண்டு, சகோதரங்களோடு கோபித்து, முதுசக் காணியைப் பிரிக்காமலும் விதைக்காமலும் பற்றை வளரவிட்டு வைத்திருப்பவருக்கு என்ன சாட்டு? ஆளில்லாத காணியைக் கண்டால் எந்த அரசுக்கும் கை அரிக்கும்.

செய்யக்கூடியவை சிறியவைதான். கட்டிய வீட்டை வாடகையின்றியாவது ஒரு குடும்பத்துக்கு எழுத்தில் கொடுங்கள். தோட்டக்காணியில் அத்திவாரம் வெட்டாதீர்கள்; அதைச் செய்கிறவனிடம் விடுங்கள். குழாய்க்கிணற்றுக்குப் பதில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடியுங்கள். முற்றத்து மண்ணை மூச்சு விட விடுங்கள். கோபுரத்துக்கு இன்னொரு அடுக்கு ஏற்றும் காசில் கோயில் கேணியைத் தூர்வாருங்கள். உறுதியைத் துப்பரவாக்குங்கள்.

இதில் ஒன்றையும் செய்ய மனமில்லையென்றால், மேடையில் மண் என்ற சொல்லையாவது கொஞ்சக் காலம் விட்டுவையுங்கள். அந்த மண்ணில் இருப்பவர்களுக்கு அதன் கீழே உள்ள தண்ணீர் வேண்டும்.