பார்க்ல தட்டு பறக்குது... வாக்கிங் போறவங்க எங்கே போறது? - டிஸ்க் கோல்ஃப் கிளப்பும் பஞ்சாயத்து

ஞாயிற்றுக்கிழமை காலை. இயர்போன் மாட்டிக்கிட்டு பார்க்ல வாக்கிங் போறீங்க. மரத்தடியில் ஒரு குடும்பம் போர்வை விரிச்சு டிபன் சாப்பிடுது. ஒரு நாய் அணிலைத் துரத்துது. திடீர்னு பின்னாலிருந்து "ஃபோர்ர்ர்!"னு ஒரு கத்தல். நீங்க திரும்புறதுக்குள்ள காதோரமா ஒரு பிளாஸ்டிக் தட்டு 'விஸ்ஸ்'னு பறந்துபோய் புல்லில் விழுது. "ஸாரி, ஸாரி"னு கையைக் காட்டிக்கிட்டே ஒருத்தர் ஓடி வர்றார். நீங்க என்ன செய்வீங்க? முறைப்பீங்களா, இல்ல தட்டை எடுத்துக் கொடுப்பீங்களா?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறைய பொதுப் பூங்காக்களில் வாராவாரம் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அந்தத் தட்டின் பெயர் டிஸ்க். விளையாட்டின் பெயர் டிஸ்க் கோல்ஃப். வேலி கிடையாது, கேட் கிடையாது, பெரும்பாலான இடங்களில் டிக்கெட்டும் கிடையாது. அதுதான் இந்த விளையாட்டோட அழகு. பஞ்சாயத்து தொடங்குற இடமும் அதேதான்.

முதல்ல விளையாட்டைப் புரிஞ்சுக்குவோம். கோல்ஃப் தெரியுமில்லையா, குச்சியால் பந்தைத் தட்டித் தட்டிக் குழிக்குள் போடுவது? இங்கே பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் இரும்புக் கம்பத்தில் பொருத்திய கூடை. கூடைக்கு மேலே சங்கிலிகள் தொங்கும். தட்டு அதில் மோதினால் வேகம் செத்து 'ஜல்ல்'னு கூடைக்குள் விழும். (அந்தச் சத்தத்துக்காகவே விளையாடுறவங்க இருக்காங்க. யூடியூப்ல ஒரு தடவை கேட்டுப்பாருங்க, புரியும்.) தட்டு எங்கே விழுகிறதோ அங்கே நின்று அடுத்ததை எறியணும். 18 கூடைகளையும் முடிக்க யார் குறைவாக எறிகிறாரோ அவருக்கு வெற்றி. அவ்வளவுதான் ரூல்ஸ். பத்து டாலர் சுமாருக்கு ஒரு தட்டு வாங்கினால் இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

ஆனா பீச்சில் வீசி விளையாடுற ஃப்ரிஸ்பீ மாதிரி இதை நினைச்சுடாதீங்க. இந்த டிஸ்க் அதைவிடச் சின்னது, விட்டம் 21 சென்டிமீட்டர் சொச்சம். விளிம்பு காற்றைக் கிழிக்கிற மாதிரி மெல்லிசா இருக்கும். எடை 175 கிராம் வரை வரும். கிரிக்கெட் பந்தே 163 கிராம்தான் என்பதை நினைவில் வெச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

கதை தொடங்கிய இடம் கலிஃபோர்னியா. பசடேனா பக்கத்தில், நாசாவின் ஜே.பி.எல் ஆய்வுக்கூடத்தை ஒட்டி ஓக் க்ரோவ் என்றொரு பூங்கா. இப்போது ஹஹமோங்னா நீர்ப்பிடிப்புப் பூங்கா என்கிறார்கள். பெயருக்கேற்ற மாதிரி பெரிய பெரிய ஓக் மரங்கள். 1975-ல் உலகின் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானம் இங்கேதான் வந்தது. போட்டவர் எட் ஹெட்ரிக். ஃப்ரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் வேலை பார்த்தவர், தட்டு நிலையாகப் பறக்க அதன் மேல் வளையக் கோடுகள் போட்டுக் காப்புரிமை வாங்கியவர்.

ஆரம்பத்தில் கூடையெல்லாம் இல்லை, வெறும் கம்பம்தான். தட்டு கம்பத்தில் பட்டதா, படலையா? இதற்கே சண்டை. நம்ம தெரு கிரிக்கெட்டில் ஸ்டம்ப்புக்குப் பதிலா சுவத்துல கரிக்கோடு போட்டுட்டு "மேல போச்சு", "இல்ல பட்டுச்சு"னு அடிச்சுக்குவோமே, அதே கதை. அந்தச் சண்டையை முடிக்கத்தான் ஹெட்ரிக் சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்தார். 1977-ல் அதற்கும் காப்புரிமை. அதற்கு முந்தின வருடமே தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் (பி.டி.ஜி.ஏ) தொடங்கிவிட்டார். உறுப்பினர் எண் 1 அவர்தான். மனுஷன் எந்த அளவுக்கு இதில் ஊறியவர்னா, 2002-ல் இறந்தபோது அவர் ஆசைப்படி அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாகவே வார்த்துவிட்டார்கள்.

ஹெட்ரிக்கின் கணக்கு சிம்பிள். கோல்ஃபுக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேணும், புல்லை வெட்டிக்கிட்டே இருக்கணும், தண்ணீர் ஊத்திக்கிட்டே இருக்கணும். இதற்கு ஏற்கெனவே இருக்கிற பூங்காவே போதும். மரத்தை வெட்ட வேண்டியதில்லை, மரம்தான் ஆட்டத்தின் சுவாரஸ்யமே. நகராட்சி கம்பத்தை நட்டால் வேலை முடிந்தது. பல வருடங்கள் அப்படித்தான் ஓடியது. வாரக் கடைசியில் நாலு நண்பர்கள், ஒரு நாய், ஒரு பை நிறைய தட்டு. யாருக்கும் தொந்தரவில்லை.

அப்புறம் கொரோனா வந்தது.

ஜிம் மூடல், தியேட்டர் மூடல், டீம் விளையாட்டு எதற்கும் அனுமதியில்லை. திறந்தவெளியில், தள்ளித் தள்ளி நின்று, யாரையும் தொடாமல் ஆட என்ன இருக்கு? டிஸ்க் கோல்ஃப் இருக்கு. 2019-ல் 53 ஆயிரம் சுமாருக்கு இருந்த பி.டி.ஜி.ஏ உறுப்பினர்கள் 2021-ல் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். இது சந்தா கட்டிப் போட்டி ஆடுறவங்க கணக்கு மட்டும். சும்மா ஜாலிக்கு ஆடுறவங்க இதைப் போல பல மடங்கு. உலகம் முழுக்க மைதானங்கள் இப்போது 15 ஆயிரத்துக்கும் மேல்.

பணமும் வந்தது. 2021-ல் பால் மெக்பெத் என்கிற வீரரோடு ஒரு தட்டுக் கம்பெனி 10 வருடத்துக்கு 1 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. அதே வருடம் யூட்டாவின் ஆக்டனில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில், கடைசி ஹோலில் மெக்பெத்தின் கையில் கோப்பை ஏறக்குறைய வந்துவிட்ட நேரத்தில், ஜேம்ஸ் கான்ராட் 247 அடியிலிருந்து எறிந்த தட்டு நேராகச் சங்கிலியில் போய் விழுந்து ஸ்கோரைச் சமன் செய்தது. பிளே-ஆஃபில் கான்ராட் ஜெயித்தார். அந்த வீடியோ வைரலாகி, இப்படியொரு விளையாட்டு இருப்பதே தெரியாதவர்களுக்கும் தெரிய வந்தது.

சரி, வளர்ந்தா நல்லதுதானே, இதில் என்ன பிரச்னைனு கேக்குறீங்களா?

மறுபடியும் அந்த 175 கிராமுக்கு வருவோம். 2014-ல் ஜெர்மனியின் சைமன் லிஸோட் எறிந்த டிஸ்க்கின் வேகம் மணிக்கு 144 கிலோமீட்டர். கிரிக்கெட்டில் இது சரியான ஃபாஸ்ட் பௌலர் வேகம். நம்ம வாரக்கடைசி ஆட்டக்காரருக்கு அந்த வேகமெல்லாம் வராது, ஆனால் அவருக்கு வேறொன்று இருக்கு: எறிந்தபின் தட்டு எங்கே போகும்னு அவருக்கே தெரியாது. இடது பக்கம் போகுதுனு நினைச்சா வலது பக்கம் வளையும். அந்தப் பக்கம்தான் ஊஞ்சல் இருக்கும்.

ரூல்புக்கைக் கேட்டால் பதில் தெளிவாகவே இருக்கு. யாருக்கும் அடிபடாது என்று உறுதியாகும் வரை எறியக் கூடாது. பூங்காவுக்கு வந்தவருக்கே முன்னுரிமை, ஆடுறவர் காத்திருக்கணும். தெருவில் ஆடும்போது "டேய் நில்லு, தாத்தா வர்றாரு"னு பௌலரை நிறுத்துவோமே, அதேதான். தெருவில் அது வேலை செய்யக் காரணம், அந்தத் தாத்தாவை நமக்குத் தெரியும். கண்ணாடி உடைஞ்சா யார் வீட்டுக்குப் பஞ்சாயத்து வரும்னும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஒவ்வொரு டீக்கும் மூணு குரூப் வரிசையில் நிக்கும்போது, பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்ட ஆரம்பிக்கும்போது, நடைபாதையில் ஸ்ட்ரோலர் தள்ளிக்கிட்டு வர்ற அம்மா மெதுவாகக் கடந்துபோகும் வரை எத்தனை பேர் பொறுமையாக நிற்பார்கள்? மரியாதையை மட்டும் நம்பிப் போட்ட மைதானங்கள் கூட்டம் சேர்ந்ததும் திணறுவது இந்த இடத்தில்தான். நடைபாதைக்குக் குறுக்கே எறியும்படி அமைத்த பழைய ஹோல்களை மாற்றாமல், "கவனம்" என்று ஒரு போர்டு மட்டும் மாட்டினால் பத்தாது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லணும். பி.டி.ஜி.ஏ உறுப்பினர்களில் பெண்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. எஸ்டோனியாவின் கிறிஸ்டின் டட்டார் 2022, 2023 என அடுத்தடுத்து உலக சாம்பியன் ஆனார், பெண்கள் ஆட்டத்துக்கு ரசிகர்கள் கூடியிருக்கிறார்கள். ஆனாலும் உள்ளூர்ப் பூங்காவில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இளைஞர் கூட்டம்தான். எல்லோருக்குமான ஒரு பூங்காவின் பெரிய பகுதி மெல்ல மெல்ல ஒரே மாதிரி ஆட்களின் இடமாக மாறினால், மற்றவர்கள் யாரிடமும் புகார் சொல்ல மாட்டார்கள். பேசாமல் வேறு பூங்காவுக்குப் போய்விடுவார்கள். அது எந்தக் கணக்கிலும் வராது.

அடிபடுவது மனிதர்கள் மட்டுமல்ல. டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்தில், ஷோல் க்ரீக் ஓடைக்கரையில் பீஸ் பார்க் என்ற பழைய பூங்கா இருக்கு. அங்கே இருந்த மைதானம் ஊரில் ரொம்பப் பிரபலம். பிரபலமானதே வினையாகிப்போச்சு. தினமும் நூற்றுக்கணக்கான கால்கள் அதே டீயிலிருந்து அதே கூடைக்கு நடந்தால் என்ன ஆகும்? புல் சாகும். மண் இறுகும். மழை பெய்தால் இறுகின மண்ணில் தண்ணீர் இறங்காமல் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடைக்குப் போகும். மரங்களின் வேர் வெளியே தெரியும். போதாததற்கு, தட்டு பட்டுப் பட்டுப் பட்டை உரியும். 2011 கடைசியில் அந்த மைதானத்தை மூடினார்கள். ஆட்டக்காரர்களுக்குப் பதிலாக ராய் கெரெரோ பூங்காவில் இடம் கிடைத்தது. மைதானம் நாசமானது யாரோ சிலரின் அடாவடியால் இல்லை. எல்லோரும் ஒழுங்காக ஆடியிருந்தாலும் அந்த மண் அத்தனை பேரைத் தாங்கியிருக்காது. மரத்துக்குப் பலகை கட்டுவது, கூடையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை இடம் மாற்றுவது, மரச்சீவல் கொட்டுவது என்று வழிகள் இருக்கு. அதற்கெல்லாம் ஆளும் பணமும் வேணும். "ஃப்ரீ" என்கிற வார்த்தையில் அந்தச் செலவு மறைஞ்சுபோகுது.

சில இடங்களில் விலை இதைவிடப் பெரிசா இருந்திருக்கு. ஃப்ளோரிடாவின் லார்கோ நகரில் டெய்லர் பார்க் என்ற பூங்காவில் ஏரியை ஒட்டி டிஸ்க் கோல்ஃப் மைதானம். ஏரிக்குள் விழுந்த தட்டுகளைத் தேடி எடுத்து, சில டாலர்களுக்கு விற்கிற பழக்கம் சிலருக்கு இருந்தது. தண்ணீரில் இறங்கக் கூடாது என்ற போர்டும் இருந்தது. 2022 மே கடைசியில், தட்டு தேடி இறங்கியதாகக் கருதப்படும் 47 வயதுக்காரர் ஒருவரின் உடல் அந்த ஏரியில் கிடைத்தது. முதலை இனமான அலிகேட்டரின் தாக்குதல். ஆட்டம் இலவசம்தான், ஆனால் தொலைந்த தட்டுக்கு ஒரு சந்தை இருக்கு. அந்தச் சில டாலருக்காகத் தண்ணீரில் இறங்க வேண்டிய நிலையிலும் அதே ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் தீர்வாக இப்போது அடிபடும் பேச்சு, கட்டணம். தனியார் நிலத்தில் பணம் கட்டி ஆடும் மைதானங்கள் கூடிக்கிட்டே வருது. கூட்டம் அளவா இருக்கும், பராமரிப்பு நல்லா இருக்கும், குறுக்கே யாரும் நடக்க மாட்டாங்க. நியாயமாத்தான் தெரியுது. தொழில்முறைப் போட்டிகளுக்கு அதுதான் சரியான இடம் என்பதே என் கருத்து. ஆனால் பொதுப் பூங்காவுக்கும் டிக்கெட் போட்டால் முதலில் வெளியேறுவது யார்? பஸ் பிடித்து வந்து ஒரே தட்டை வைத்து ஆடும் காலேஜ் பையன். பத்து டாலரில் ஆரம்பிக்கலாம் என்பதால்தானே இந்த விளையாட்டே இவ்வளவு தூரம் வந்தது? பூங்காவைப் பயன்படுத்தி லாபம் பார்க்கும் போட்டிகளிடமும் தட்டுக் கம்பெனிகளிடமும் பராமரிப்புக்கான பணத்தைக் கேட்கலாமே. ஃபின்லாந்தில் ஊருக்கு ஊர் நகராட்சிகளே மைதானம் போட்டிருக்கின்றன. நூலகம், நடைபாதை மாதிரி இதையும் மக்களின் உடல்நலத்துக்கான செலவாகப் பார்க்கும் ஊர்கள் அவை. மக்கள்தொகைக்கு இத்தனை மைதானம் என்று பார்த்தால் ஐஸ்லாந்து, எஸ்டோனியாவோடு ஃபின்லாந்தும் முன்வரிசையில் இருக்கு.

படிக்கவோ வேலைக்கோ அந்தப் பக்கம் போயிருக்கும் ஆளா நீங்க? அப்போ ஒரு தடவை ஆடிப் பாருங்க. முதல் நாளே வேகமாகப் பறக்கும் 'டிரைவர்' தட்டை வாங்காதீங்க, அது புதுசா ஆடுறவங்க பேச்சைக் கேட்காது. 'பட்டர்' ஒண்ணு போதும். முடிஞ்சா வார நாளில், காலையிலேயே போங்க. வளைவுக்கு அந்தப் பக்கம் தெரியலைன்னா நண்பரை முன்னால் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்க. தட்டின் அடியில் மார்க்கரால் பேரும் போன் நம்பரும் எழுதி வைங்க, எல்லோரும் அப்படித்தான் செய்வாங்க. தொலைஞ்சா யாராவது எடுத்துட்டு போன் பண்ணுவாங்க. ஏரிக்குள்ள விழுந்துட்டா மட்டும் விட்டுடுங்க, பத்து டாலர்தானே.