சந்தேகத்துக்கும் கடமை உண்டு

2021 சட்டப்பேரவைத் தேர்தலில் தியாகராய நகர் தொகுதியின் முடிவைத் தீர்மானித்தவை 137 வாக்குகள். திமுகவின் ஜெ.கருணாநிதி வென்றார், அதிமுகவின் பி.சத்யநாராயணன் தோற்றார். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே மிகக் குறைந்த வித்தியாசம் அதுதான். வாக்காளர் பட்டியலில் அன்று இருந்த பெயர்கள் ஏறத்தாழ 2.45 லட்சம். அவற்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களுக்கு எதிரே வாக்கு பதிவாகவில்லை.

மயிலாப்பூரிலும் அடையாறிலும் இன்று இரண்டு பேர் நின்று பேசினால் அரசியல் எங்கே போய் முடிகிறது என்பது நமக்குத் தெரியும். “கோர்ட்டே அரசியலாகிவிட்டது”, “தேர்தல் கமிஷன் யார் பக்கம்?”, “எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன ஆகப்போகிறது?” இந்தக் கவலையைப் புலம்பல் என்று ஒதுக்க முடியாது. ஆனால், சந்தேகப்படும் உரிமை நமக்கு இருப்பதைப் போலவே, அந்தச் சந்தேகத்தை நேர்மையாகக் கையாளும் கடமையும் இருக்கிறது. உரிமையைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். கடமையைப் பற்றிப் பேசுவதே இல்லை.

கவலைக்கான காரணங்களை முதலில் ஒப்புக்கொள்வோம். தேர்தல் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்க, நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி ஆகியோர் கொண்ட குழு இருக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த சட்டம், தலைமை நீதிபதியின் இடத்தில் ஒரு மத்திய அமைச்சரை உட்காரவைத்தது. மூவரில் இருவர் ஆளுந்தரப்பு என்றால் கேள்வி எழத்தான் செய்யும். தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற ரஞ்சன் கோகோய், நான்கு மாதங்களில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். நம் ஈரோட்டுப் பக்கத்தைச் சேர்ந்த பி.சதாசிவம், 2014 ஏப்ரலில் தலைமை நீதிபதி பதவியிலிருந்து ஓய்வுபெற்று, செப்டம்பரில் கேரள ஆளுநரானார். இது இன்று தொடங்கியதும் இல்லை. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த பாத்திமா பீவியை 1997-இல் தமிழக ஆளுநராக அனுப்பியது திமுகவும் அங்கம் வகித்த ஐக்கிய முன்னணி அரசு. ஓய்வுக்குப் பிறகு நீதிபதிகள் அரசுப் பதவி ஏற்பது சுதந்திரமான நீதித்துறைக்கு நல்லதல்ல என்று சட்ட ஆணையம் எச்சரித்தது 1958-இல்! எந்த ஆட்சியும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இங்கேதான் நம் பழக்கம் ஒன்றைப் பார்க்க வேண்டும். தமிழக ஆளுநர் கிடப்பில் போட்ட 10 மசோதாக்கள் பற்றி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது ஒரு தரப்பு நீதி வென்றது என்றது. மறுதரப்பு நீதிமன்றம் எல்லை மீறிவிட்டது என்றது. ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது என்று நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துரைத்ததும், இரு தரப்பும் வசனங்களை மாற்றிக்கொண்டன. டிசம்பரில் திருப்பரங்குன்றம் மலையில் தீபம் ஏற்றுவது பற்றிய வழக்கில் உத்தரவிட்ட உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்கக் கோரி நூற்றுக்கும் மேற்பட்ட எம்.பி.க்கள் மனு கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதிகள் பலர் அதைக் கண்டித்தார்கள். எவர் சரி என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால், தீர்ப்பின் காரணங்களைப் படிக்காமல், யாருக்குச் சாதகம் என்பதை மட்டும் பார்த்து நாம் கைதட்டினால், நீதிபதிகளுக்குக் கட்சிச் சாயம் பூசும் வேலையில் நமக்கும் பங்கு உண்டு.

வாக்காளர் பட்டியலுக்கு வருவோம். தேர்தல் ஆணையம் அந்தப் பட்டியலில் மேற்கொண்ட சிறப்புத் தீவிரத் திருத்தத்தை எதிர்த்து திமுக உச்ச நீதிமன்றம் போனது; அதிமுக அதை ஆதரித்தது. அதே சமயத்தில், தி.நகரில் தங்கள் ஆதரவாளர்கள் ஆயிரக்கணக்கானோரின் பெயர்கள் நீக்கப்பட்டதாக சத்யநாராயணன் உயர் நீதிமன்றத்தை நாடியிருந்தார். நம் ஆட்களின் பெயர் போய்விடுமோ என்ற அச்சம் இரண்டு முகாம்களிலும் ஒன்றேதான். அப்படியானால் அதற்கான பரிகாரமும் பொதுவானதாக இருக்க முடியும்.

2025 டிசம்பர் 19-இல் வெளியான வரைவுப் பட்டியலில், மாநிலம் முழுவதும் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் சுமார் 40 லட்சத்தில் 14 லட்சத்துக்கும் மேல் விடுபட்டன. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் என்று ஆணையம் காரணம் சொன்னது. இதில் பெரும்பகுதி சரியென்றே வைத்துக்கொண்டாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: இத்தனை ஆண்டுகள் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டா தேர்தல் நடத்தினோம்? 2024 மக்களவைத் தேர்தலில் மாநில வாக்குப்பதிவு 69.72 சதவீதம், தருமபுரியில் 81-ஐத் தாண்டியது, தென் சென்னையும் மத்திய சென்னையும் 54-ஐ ஒட்டியே நின்றன. படித்தவர்களின் சோம்பேறித்தனம் என்று எல்லோரும் திட்டினோம். வராதவர்களில் எத்தனை பேர் உண்மையில் இருந்தவர்கள்? நகரவாசியின் அசட்டை எவ்வளவு, பட்டியலின் அழுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாத நிலையில்தான் இருந்தோம்.

‘இடம் மாறியவர்’ என்ற வகைக்குள்ளும் வித்தியாசங்கள் உண்டு. வேலை மாற்றலாகி பெங்களூரு போனவரும், 2022-இல் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடு இடிக்கப்பட்டு பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவரும் ஒரே வகையில் அடங்கிவிடுகிறார்கள். முதலாமவர் ஆன்லைனில் படிவம் நிரப்பிவிடுவார். படிவத்துக்காக அலைந்தால் இரண்டாமவருக்கு அன்றைய கூலி போய்விடும்.

நீதி தாமதமானால் தேர்தலுக்கே பொருள் இல்லாமல் போகும் என்பதற்கு ராதாபுரம் சாட்சி. 2016-இல் அங்கே மு.அப்பாவு 49 வாக்குகளில் தோற்றார். நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகள் குறித்து அவர் தொடுத்த வழக்கில், 2019 அக்டோபரில்தான் மறு எண்ணிக்கை நடந்தது. முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பேரவையின் ஆயுள் முடிந்தது. முடிவு மட்டும் வரவில்லை. தேர்தல் மனுக்களை ஆறு மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது.

டெல்லியைச் சுட்டும் விரலை நம் மாநகராட்சி இயங்கும் ரிப்பன் மாளிகை பக்கமும் திருப்புவோம். 1973-இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றத்துக்கு 1996-இல்தான் மறுபடி தேர்தல் நடந்தது. இடையில் இரு திராவிடக் கட்சிகளும் ஆண்டன. 2016-இல் மீண்டும் மன்றத்தின் காலம் முடிந்து, 2022 வரை கவுன்சிலரே இல்லாமல் இருந்தோம். ஜனநாயகம் தேய்கிறது என்று பேசும் நாம், நம் வார்டில் அது ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இல்லாதபோது தெருவில் இறங்கவில்லை. தேர்தல் வந்தபோது சென்னையில் வாக்களித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 43 பேர்.

ஆகவே பொறுப்பைப் பங்கிட்டுக்கொள்வோம். நீதிமன்றங்கள் தேர்தல் மனுக்களுக்கெனத் தனி அமர்வு ஒதுக்கி, ஆறு மாத வரம்பை மதிக்கட்டும். ஓய்வுபெறும் நீதிபதிகளுக்கு அரசுப் பதவி தர, சில ஆண்டுகள் இடைவெளியைச் சட்டமாக்கட்டும் நாடாளுமன்றம். நீக்கப்பட்ட பெயர்களைக் காரணத்தோடு, எவரும் தேடிப் பார்க்கும் வகையில் வெளியிட வேண்டும் என்று பிகாருக்காக 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதை, எல்லா மாநிலங்களுக்கும் நிரந்தர வழக்கமாக்கட்டும் தேர்தல் ஆணையம். தேர்தல் பத்திரங்களில் பாஜக பெற்றதைப் பேசுவோர், திமுக பெற்ற 656 கோடி ரூபாயில் 500 கோடிக்கு மேல் ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து வந்ததையும் பேச வேண்டும். பதிலைக் கட்சிகள் சொல்லட்டும்.

நம் பங்கு? அடுக்ககங்களில் பட்டியலைச் சரிபார்க்க வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) வந்தால் வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பும் வழக்கத்தை நலச்சங்கங்கள் நிறுத்தலாம். நம் தெருவின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிச் சரிபார்க்கலாம். வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கும் ஓட்டுநருக்கும், பெயர் சேர்க்கவும் திருத்தவும் உரிய 6-ஆம், 8-ஆம் படிவங்களை நிரப்பித் தந்து, அலுவலகம் போய்வர ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பும் தரலாம். மயிலாப்பூரும் அடையாறும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் நிறைந்த பகுதிகள். பிடித்த கட்சி எதுவானாலும் அவர்கள் அதன் பூத் ஏஜென்டாக ஒரு நாள் உட்காரட்டும். பதிவான வாக்குகளின் கணக்கைத் தரும் 17-சி படிவத்தைக் கையில் வாங்கியவருக்கு, இயந்திரத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் தகவலில் எது கேள்வி, எது வதந்தி என்று பிரித்துப் பார்க்கத் தெரியும். பகுதி சபைக் கூட்டத்தைக் கூட்டச் சொல்லிக் கவுன்சிலரிடம் கேட்கலாம். கூட்டினால் போகவும் வேண்டும்.

இவற்றில் எதற்கும் கட்சி மாற வேண்டியதில்லை. ஒரே ஒரு நிபந்தனை போதும்: நாம் ஆதரிக்கும் தரப்பு வென்ற நாளிலும், நமக்கு உகந்த தீர்ப்பு வந்த நாளிலும், தோற்ற நாளில் கேட்ட அதே கேள்விகளைக் கேட்பது. தோற்றவர்கள் மட்டும் கேட்கிறவரை அதைப் புலம்பல் என்று அதிகாரம் தள்ளிவிடும். வென்றவர்களும் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.