ஸ்டென்ட் வெச்ச வீட்டுக்கு ஒரு ஜீன் டெஸ்ட் தேவையா?

வீட்ல யாருக்காவது ஸ்டென்ட் வெச்சிருந்தா, டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்க. ஆஸ்பிரினோட க்ளோபிடோக்ரெல்னு ஒரு மாத்திரை நிறைய பேருக்கு இருக்கும். ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறையாம பார்த்துக்கிறதுதான் அதோட வேலை.

இந்த மாத்திரை அப்படியே வேலை செய்யாது. கல்லீரல்ல சிஒய்பி2சி19 என்ற என்சைம் அதை மாத்திக் கொடுத்தாதான் பலன். அந்த என்சைமுக்கான ஜீன் சிலருக்குப் பிறவியிலேயே பலவீனம். அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பலவீனமான காப்பி வந்திருந்தா, வேளை தவறாம மாத்திரை போட்டும் முழுப் பாதுகாப்பு கிடைக்காம போகலாம். பிரீமியம் கட்டிட்டே இருக்கோம், பாலிசி ஆக்டிவ் ஆகவே இல்லை என்ற கதைதான்!

அமெரிக்காவின் எஃப்டிஏ 2010-லேயே இதுக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கையைச் சேர்த்தது. ஆசிய வம்சாவளியினர் அதிகம் வாழும் ஹவாய் மாநிலம் இதை வழக்காவே கொண்டு போனது. 2024-ல் அங்குள்ள நீதிமன்றம் பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப், சனோஃபி கம்பெனிகளுக்கு 91.6 கோடி டாலர் அபராதம் விதித்தது. கம்பெனிகள் அதை ஏற்கலை. ஆனா ஒரு விஷயத்துல சந்தேகமில்லை: இந்த ஜீன் மாற்றம் ஐரோப்பியர்களைவிட தெற்காசியர்கள்கிட்ட, அதாவது நம்மகிட்ட, அதிகம்.

அதுக்காக 'உங்க டிஎன்ஏ-க்கு எந்த மருந்து சேரும்'னு விக்கிற பெரிய பேக்கேஜை வாங்காதீங்க. போடாத மருந்துக்கு எதுக்குங்க ரிப்போர்ட்? ஸ்டென்ட் வெச்ச எல்லாருக்கும் இந்த டெஸ்ட் கட்டாயம்னு சர்வதேச வழிகாட்டுதல்களும் சொல்லலை. ஆனா க்ளோபிடோக்ரெல் போட்டும் மறுபடி அடைப்பு வந்தவங்க, ரிஸ்க் அதிகம்னு டாக்டரே சொன்னவங்க, இந்த ஒரு ஜீன் டெஸ்ட் பத்தி அவர்கிட்ட கேட்டே ஆகணும் என்பது என் கருத்து. இன்னொரு ஆஞ்சியோபிளாஸ்டி பில்லோட ஒப்பிட்டா இது சின்னத் தொகை. மாற்றா டிகாக்ரெலார், பிராசுக்ரெல் இருக்கு. ரத்தக்கசிவு ரிஸ்க் அதுல கூடுதல் என்பதால முடிவு டாக்டரோடது. நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க.

இப்போ நம்ம ஏரியா. வெறும் ஓபி டெஸ்ட்டா எடுத்தா பெரும்பாலான பாலிசில பணம் வராது. அட்மிஷன்ல இருக்கும்போதோ, டிஸ்சார்ஜுக்கு அப்புறம் பாலிசி அனுமதிக்கிற நாட்களுக்குள்ளயோ, டாக்டர் எழுதிக் கொடுத்து எடுத்தா க்ளெய்ம் கேட்க வாய்ப்பு உண்டு. 60 வயசு தாண்டிய பெற்றோருக்கு ஹெல்த் இன்சூரன்ஸே இல்லையா? நீங்க பழைய வரி ரெஜிம்ல இருந்தா, அவங்க மருத்துவச் செலவுல 80டி-யின் கீழ 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். ரொக்கமா கட்டினா இந்தக் கழிவு கிடையாது, அதனால யுபிஐ-ல கட்டி, பில்லோட டாக்டர் சீட்டையும் சேர்த்து வெச்சுக்கோங்க.