அமானிதத்தை மீறுவோரும் மூடி மறைப்போரும்

காவி கட்டிய ஒருவன் கைதானால் நம் கடைத்தெருவில் பேச்சு களைகட்டுகிறது. கல்லாவில் உட்கார்ந்தபடியே செய்தித்தாளை உரக்கப் படிக்கிறோம். 'பார்த்தீரா பாய், சாமியார்களின் லட்சணத்தை!' என்கிறோம். அதே குற்றத்தை நம் மதரஸாவில் ஒருவன் செய்தால்? குரல் தணிகிறது. கதவு சாத்தப்படுகிறது.

பிரேமானந்தாவை யாரும் மறந்திருக்க முடியாது. 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, திருச்சி அருகே பாத்திமா நகரில் ஆசிரமம் அமைத்தவர். அநாதைக் குழந்தைகளுக்குச் சோறு போட்டார், படிக்க வைத்தார். ஊர் அவரை வள்ளல் என்றது. 1994இல் உள்ளேயிருந்த பெண்கள் வாய் திறந்தார்கள். 13 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்கும் ஒரு கொலைக்கும் 1997இல் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2011இல் தண்டனைக் கைதியாகவே அவர் இறந்தார்.

அந்தப் பெண்கள் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்போர் உண்டு. சோறு போடுகிற கையே கெடுக்கிற கையாக இருந்தால் அநாதைப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? வெளியே எல்லோரும் அவர் காலில் விழுந்துகொண்டிருந்தார்களே!

நம் திருவண்ணாமலையிலும் 2018இல் ஒரு தனியார் காப்பகத்துச் சிறுமிகள் அதிகாரிகளிடம் அழுது சொன்ன பிறகே அங்கு நடந்தது வெளியே வந்தது. ஆசிரமமோ, காப்பகமோ, பள்ளிக்கூடமோ, மதரஸாவோ, பலகையில் எழுதியிருக்கும் பெயர் பிள்ளையைக் காப்பாற்றாது. மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அதைச் செய்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், நம்பப்பட்டவர்கள்.

நம்மிடம் இதற்கென்று ஒரு 'தீர்ப்பு' உண்டு. புகார் வந்தால் நாலு பெரியவர்கள் கூடுவார்கள். பிள்ளையின் அத்தாவைத் தனியே அழைத்து, 'பெண் பிள்ளை, நாளைக்கு நிக்காஹ் ஆக வேண்டும்' என்பார்கள். ஆண் பிள்ளை என்றால் அந்தப் பேச்சுகூட இல்லை. குற்றவாளியை இரவோடு இரவாக வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஊரில் பிள்ளைகள் இல்லையா?

விஷயம் வெளியே போனால் சங்பரிவாரம் ஊதிப் பெருக்கும் என்று அஞ்சுகிறார்கள். ஊதத்தான் செய்யும். ஆனால் நாமே பிடித்துக் கொடுத்த செய்தியைவிட, நாம் மறைத்து அவர்கள் தோண்டியெடுத்த செய்தியல்லவா அவர்களுக்கு லாபம்? நமக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமானாலும் நீதிக்காகச் சாட்சி சொல்லுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. ஜமாஅத்தின் மானம் அதற்கு விலக்கா?

சட்டமும் விலக்குத் தரவில்லை. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி இது சமரசம் பேசி முடிக்கக்கூடிய குற்றமல்ல. தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தமக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. முத்தவல்லிகள் இதைப் படிக்க வேண்டும். கல்வி, மத நிறுவனங்களில் உள்ளோர் பாலியல் வன்புணர்வு செய்தால் 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 20 ஆண்டு சிறை.

புதிதாக ஒரு உஸ்தாதை நியமிக்கும் முன், அவர் முன்பிருந்த ஊரின் ஜமாஅத்தைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். எந்தப் பிள்ளையையும் தனியறைக்கு அழைக்கக் கூடாது என்று விதி வையுங்கள். ஓதும் நேரத்தில் தாய்மார்கள் வந்து பார்க்க வழி விடுங்கள். நல்ல உஸ்தாத் இதனால் மனம் நோக மாட்டார். அவர் பெயரையும் காப்பது இதுதான். கடையில் எடுபிடி வேலைக்கு ஊரிலிருந்து பையன்களைக் கூட்டி வந்து மாடியில் தங்க வைக்கும் வியாபாரிகளே, இரவில் அவர்களோடு யார் தங்குகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

புகார் சொல்ல 1098 என்ற எண் போதும். போலீஸ் நிலையப் படி ஏற வேண்டுமே என்று அஞ்சும் பெற்றோருக்கு ஒன்று: பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். பெரும்பாலும் பெண் அதிகாரியே வருவார், காக்கிச் சீருடையில் வரக் கூடாது. பிள்ளையின் பெயரையோ படத்தையோ எந்தப் பத்திரிகையும் வெளியிட முடியாது, இந்தப் பத்திரிகை உட்பட.